தொண்டைக்கு ஒரு துண்டு வெல்மி

அவர் விழுவார் என்று இருபத்திரண்டு நாள் காத்திருந்தேன். அக்காவின் தெம்பிலி இளநீர்க் கடையில், கையில் கத்தியோடு, தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த அவருடைய வாசலைப் பார்த்தபடி காத்திருந்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இல்லை. கொஞ்சம் இருந்தது, எழுத உட்காரும் முன் அதையும் கழுவிக் கொட்டிவிட்டேன்.

அவர் என் பழைய முதலாளி. மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும் பாதையில் வரிசையாக இருக்கிற ஸ்பைஸ் கார்டன்களில் ஒன்று அவருடையது. சீகிரியா போகிற சுற்றுலா வேன்கள் வழியில் அங்கே நிற்கும். வெள்ளைக்காரர்கள் இறங்குவார்கள். கைட் ஒருவர் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் மிளகுக் கொடி, கறுவா, சாதிக்காய், கொக்கோ எல்லாம் காட்டி, கடைசியில் எண்ணெய்ப் போத்தல்கள் அடுக்கியிருக்கிற விற்பனை அறையில் கொண்டுபோய் விடவேண்டும். நான் அங்கே கைட். ஆங்கிலமும், கண்டியில் ஒரு வருடம் வகுப்புக்குப் போய்ப் படித்த பிரெஞ்சும் பேசுவேன். முதலாளியை ‘அவர்’ என்றுதான் எழுதுகிறேன். மரியாதை ஒன்றுமில்லை, பழக்க தோஷம்.

சீசன் காலத்தில் ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது கூட்டம் வரும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதே கதை, அதே சிரிப்பு, அதே பகிடி. மத்தியானத்துக்குள் தொண்டை அறுந்துவிடும். தண்ணீர் குடிக்கலாம் என்றால் அதற்கு முதலாளி விடமாட்டார்.

“தண்ணி குடிச்சா கக்கூசுக்கு ஓடணும். வெல்மி போட்டா பேசிக்கிட்டே இருக்கலாம்” என்பார்.

வெல்மி என்று நாங்கள் சொல்வது அதிமதுரம். சிங்களத்திலிருந்து வந்து எங்கள் வாயில் ஒட்டிக்கொண்ட பெயர். கார்டனில் ஒரு குன்றிமணிக் கொடியைக் காட்டி இதுதான் வெல்மி என்று வெள்ளைக்காரர்களிடம் சொல்வோம். உண்மையான வெல்மி மூட்டையில் வெளியிலிருந்து வரும். காலையில் கதவு திறந்ததும் முதலாளி சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டுவார். நாங்கள் வரிசையில் நிற்போம். திருநீறு தருவார். அதன் பிறகு கண்ணாடி ஜாடியைத் திறந்து ஆளுக்கு இரண்டு விரல் நீள வெல்மித் துண்டும், அவரே பாகாகக் காய்ச்சிய வெல்மிப் பாணியில் ஒரு பெரிய கரண்டியும் தருவார். மத்தியானம் இன்னொரு தடவை பாணி. விற்பனை அறையில் நின்ற முஸ்லிம் அக்கா, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிறவள், மட்டும் திருநீறு வாங்கமாட்டாள், வெல்மியை வாங்கிக்கொள்வாள். சாமி படத்துக்கு முன்னால் கையில் விழுகிற பொருளை வேண்டாம் என்று யார் சொல்வது? இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டோம். அதைச் சாப்பாடாகவோ மருந்தாகவோ யாரும் நினைக்கவில்லை, பிரசாதமாகத்தான் நினைத்தோம். அதனால் அளவைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

எல்லோரையும்விட நான்தான் அதிகம் சப்பினேன். பிரெஞ்சுக் கூட்டமெல்லாம் எனக்கு வரும், பேச்சும் எனக்குத்தான் அதிகம். எனக்கு அந்த இனிப்பும் பிடித்திருந்தது. வீட்டுக்கும் நாலு துண்டு எடுத்துப் போவேன்.

ஏழெட்டு மாதத்தில் தலைவலி வந்தது. மோதிரம் விரலைவிட்டுக் கழல மறுத்தது. பஸ் மிதிபலகையில் காலைத் தூக்கி வைக்கப் பக்கத்துக் கம்பியைப் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது. வெயில், வேலை, வயது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். எனக்கு அப்போது முப்பத்தாறு.

ஒரு நாள் பதினெட்டுப் பேர் கொண்ட பிரெஞ்சுக் கூட்டத்தை அழைத்துக்கொண்டு சாதிக்காய் மரத்தடிக் கற்படியில் இறங்கும்போது என் கால்கள் நான் சொன்னதைக் கேட்கவில்லை. முகர்ந்து பார்க்கக் கொடுக்கிற எண்ணெய்ச் சிமிழ்கள் அடுக்கிய தட்டோடு விழுந்தேன். எழும்பப் பார்த்தேன், தொடை மரத்துக் கிடந்தது. முதலாளி ஓடி வந்தார். தூக்கிவிடத்தான் வருகிறார் என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

“எழும்பு. நடிக்காத” என்றார்.

“முடியலீங்க முதலாளி. காலு வரமாட்டேங்குது.”

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். பழைய காலத்தில் ஹோட்டலில் வேலை செய்தபோது பொறுக்கிக்கொண்ட பிரெஞ்சில், இவள் காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்றார். சொல்லிவிட்டுப் பெருவிரலை வாய்க்கு நேரே தூக்கிக் கவிழ்த்துக் காட்டினார். கூட்டம் சங்கடமாகச் சிரித்தது. அந்தக் கார்டனில் அவரைவிட எனக்குத்தான் பிரெஞ்சு அதிகம் தெரியும். எனக்கு விளங்கக்கூடாது என்று அவர் அதைச் சொல்லவில்லை. விளங்கவேண்டும் என்றே சொன்னார்.

வாசலில் நின்ற வேன் டிரைவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. பெருவிரல் தெரியும். அன்று பொழுது சாய்வதற்குள் அந்தப் பெருவிரல் தம்புள்ளை வரை போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு எந்தக் கார்டனுக்குப் போன் பண்ணினாலும், “இப்ப ஆள் எடுக்கலீங்க” என்றார்கள். ஒரு இடத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

அதையும் தாங்கியிருப்பேன். விழுந்த அன்று முச்சக்கர வண்டியில் என்னை வீட்டில் கொண்டுவந்து இறக்கியபோது, அக்கா வாசலில் நின்றாள். அப்பா அம்மா போன பிறகு எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான். அவள் புருஷன், அத்தான், கட்டாரில் வேலை. நானும் அவளும் ஒரே வீடு, ஒரே பானை. விஷயம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அக்கா கிட்டே வந்தாள்.

“வாயத் தொற. ஊது” என்றாள்.

நான் ஊதினேன். அவள் மூக்கைக் கிட்டே கொண்டுவந்து முகர்ந்தாள்.

“வெல்மி வாசம் வருது. சாராய வாசத்த மறைக்கத்தான் போட்டிருக்க” என்றாள்.

அடித்திருந்தால் மறந்திருப்பேன். அக்கா என் வாயை முகர்ந்தது மட்டும் இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. உண்மையை முகர்ந்தும் பொய்யைக் கண்டுபிடித்தாளே என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இரண்டு நாள் பாயில் கிடந்தேன். மனம் கசந்து கிடந்ததால் கைவசம் இருந்த வெல்மியைச் சப்பிக்கொண்டே கிடந்தேன். மூன்றாம் நாள் காலையில் கழுத்தைத் தவிர எதையும் தூக்க முடியவில்லை. அப்போதுதான் அக்கா பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

பிரஷர் மேலே ஏறிப் போயிருந்தது. இரத்தத்தில் பொற்றாசியம் அடிமட்டத்தில் கிடந்தது. நெஞ்சில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். வார்டில் ஒரு இளம் பெண் டாக்டர், தமிழ்ப் பிள்ளை. வயிற்றோட்டமா, வாந்தியா, வேறு மாத்திரை ஏதாவதா, குடிப்பீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு நான் கத்தியே விட்டேன். அவர் கோபப்படவில்லை. என் நெஞ்சில் குழாயை வைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

“வாயில என்ன வாசம்? வெல்மியா? எவ்வளவு சாப்பிடுறீங்க?”

சொன்னேன். எத்தனை மாதமாக என்றும் சொன்னேன். டாக்டர் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள் என்று தெரிந்ததும் அவருக்கு உற்சாகம் வந்து, ஒரு தாளைத் திருப்பி வைத்துச் சிறுநீரகம் வரைந்தார்.

“நொதியம் தெரியும்தானே? இங்க ஒண்டு இருக்கு” என்று பேனையால் குத்திக் காட்டினார்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். உடம்பு கோட்டிசோல் என்று ஒரு ஸ்டீரொய்ட் ஓமோனைச் செய்கிறது, அதுவும் தாராளமாக. உப்பைப் பிடித்து வைக்கச் சொல்கிற ஓமோன் வேறொன்று, அது கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆனால் சிறுநீரகத்தில் இரண்டுக்கும் ஒரே பூட்டு, இரண்டும் அந்தப் பூட்டுக்குப் பொருந்துகிற சாவி. கோட்டிசோல் கூட்டமாகப் போய் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டால் உடம்பு உப்பிலும் நீரிலும் ஊறிவிடும். அதற்காக அங்கே இந்த நொதியம் நிற்கிறது. வருகிற கோட்டிசோலைப் பிடித்து ஒட்சியேற்றி, கோட்டிசோன் என்று வேறொன்றாக மாற்றி அனுப்பிவிடும். மாறிய சாவி பூட்டுக்குள் போகாது. நொதியத்தின் பெயர் பதினொன்று என்ற எண்ணில் தொடங்கி, டிஹைட்ரொஜினேஸ் என்று முடிகிறது. நடுவில் உள்ளதைச் சொல்ல எனக்கு இப்போதும் மூச்சு வாங்கும்.

வெல்மியின் இனிப்பில் உள்ள ஒரு பொருள் இந்த நொதியத்தின் கையைக் கட்டிப்போடுகிறது. கட்டியதும் கோட்டிசோல் உள்ளே புகுந்து பூட்டைத் திறக்கிறது. உப்பும் நீரும் தேங்குகின்றன, பிரஷர் ஏறுகிறது, பொற்றாசியம் சிறுநீரோடு போய்விடுகிறது. பொற்றாசியம் போனால் தசை சொல்வது கேட்காது.

“இதயமும் தசைதான். இன்னும் கொஞ்சம் போயிருந்தா அது தாளம் தப்பி நிண்டிருக்கும்” என்றார் டாக்டர். வெல்மியை நிறுத்தினால் நொதியம் தானாகக் கை அவிழ்ந்து வேலைக்குத் திரும்பிவிடும் என்றும் சொன்னார்.

எனக்கு அந்த நொதியத்தின் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. பேர் சொல்ல ஆளில்லாமல், வாசலில் நின்று நாள் முழுக்க வேலை செய்கிற ஒரு பிறவி. அதன் கையையும் கட்டிப்போட்டது என் முதலாளி கொடுத்த வெல்மித் துண்டுதான். என்ன நடந்தது என்று டாக்டர் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்தார். அக்கா வாசித்தாள். “ம்” என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த பிறகும் சாயங்காலமானால் தலை வாரிவிடுகிறேன் என்று சீப்போடு கிட்டே வருவாள். முகத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து மூச்சை இழுப்பாள். துண்டை நம்பினாளோ இல்லையோ, மூக்கை நம்பிக்கொண்டேதான் இருந்தாள்.

மூன்று வாரத்தில் கால் திரும்பியது. துண்டை எடுத்துக்கொண்டு நேரே கார்டனுக்குப் போனேன். நான் குடிக்கவில்லை என்று அந்த மனுஷன் டிரைவர்கள் முன்னால் சொல்லவேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம். முதலாளி மேசைக்குப் பின்னால் கதிரையில் உட்கார்ந்திருந்தார். துண்டை வாங்கினார், விரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“வெல்மி தின்னு யாருக்காச்சும் காலு விழுமா? நானும்தான் திங்கிறேன். நீ போன பொறகு பிரெஞ்சுக் கூட்டம் முழுக்க நான்தான் பாக்குறேன், ஜாடியே காலியாவுது. எனக்கு என்னா ஆச்சு?”

சொல்லிக்கொண்டே எழும்பினார். மேசையில் இரண்டு கையையும் ஊன்றி எழும்பினார். நெற்றியில் தைலம் பளபளத்தது. செருப்பு வார் புறங்காலில் அழுந்திக் கிடந்தது. எனக்கு உடனே விளங்கியது. என் வேலையைப் பிடுங்கினார், வேலையோடு என் வியாதியும் அவரிடம் போய்விட்டது.

சொல்ல வாய் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

“குடிகாரிக்கு டாக்டர் துண்டு வேற” என்று அவர் துண்டை என் மேல் எறிந்தார்.

வாயை மூடிக்கொண்டேன். துண்டைப் பொறுக்கி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தேன். அன்று முதல் நாள்.

அக்காவின் கடை அந்த வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. யட்டவத்தப் பக்கமிருந்து குலை குலையாகத் தெம்பிலி வரும். பொற்றாசியம் உள்ள இளநீர், தினம் குடியுங்கள் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். முதலாளிக்கு வேண்டிய மருந்து மஞ்சள் மஞ்சளாக என் தலைக்கு மேலேயே தொங்கியது.

ராத்தாவைக் கடைக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே நாளில் கார்டனில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காலையில் முதலாளி கொடுப்பதை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, வாயில் அடக்கிக்கொண்டு போய்ச் சாதிக்காய் மரத்தடியில் துப்பினார்கள். நான் சொல்லாத ஒரே ஆள் அவர்தான்.

ஏழாம் நாள் அவர் கற்படியில் இறங்குவதை விட்டு, மேலேயே நின்று கையை நீட்டிக் காட்டினார். பன்னிரண்டாம் நாள் மிளகுக் கொடி வரைக்கும் நடந்து திரும்பினார். பதினாறாம் நாள் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு பேசினார். நான் தெம்பிலி சீவிக்கொண்டே எண்ணினேன். காலையில் கடை திறக்கும்போது ஒரு சந்தோஷத்தோடு திறந்தேன், அதை மறைத்து என்ன பயன்?

ராத்தாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“பாவம் புள்ள. அல்லாஹ்வுக்குப் பயந்து நானாச்சும் சொல்லிடுறேனே” என்றாள்.

“அவரு நம்பமாட்டாரு ராத்தா. என்கிட்ட வந்து கேக்கட்டும்.”

“மவுத்தாகிட்டா?”

செத்துப்போனால் என்று கேட்கிறாள், நான் அடுத்த தெம்பிலியை எடுத்துச் சீவினேன். இதயம் தாளம் தப்பும் என்று டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. மறந்ததாக வைத்துக்கொண்டேன்.

இருபத்திரண்டாம் நாள் மத்தியானம். ஒரு கூட்டத்தை வழியனுப்ப வாசலுக்கு வந்தவர், வேனைத் திருப்ப இடம் காட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். நடுத்தெருவில் கால் நின்றுவிட்டது. அங்கேயே மடிந்து உட்கார்ந்தார். எங்கள் கடையில் தெம்பிலி குடித்துக்கொண்டிருந்த மூன்று டிரைவர்கள் ஓடிப்போய்த் தூக்கிவந்து எங்கள் கடை வாங்குப் பலகையில் இருத்தினார்கள். முகம் சாம்பலாக இருந்தது. தொடையைக் கையால் பிசைந்தார்.

“காலு வரமாட்டேங்குது” என்றார்.

என் வார்த்தை. எழுத்துக்கு எழுத்து என் வார்த்தை.

நான் ஒரு தெம்பிலியைச் சீவி, கண் திறந்து, கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். அவர் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. குனிந்து, அவர் வாய்க்குக் கிட்டே என் மூக்கைக் கொண்டுபோய், எல்லோரும் பார்க்க நன்றாக மூச்சை இழுத்து முகர்ந்தேன்.

“நடிக்காதீங்க முதலாளி. சாராயமா?” என்றேன்.

டிரைவர் ஒருவர் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“சாராயம் இல்ல, வெல்மிதான். எனக்கும் அன்னைக்கு இதுதான். ஒங்களுக்கு என்னா வருத்தம், என்னா வியாதின்னு இந்த ரோட்டுல எனக்கு ஒருத்திக்குத்தான் முழுசாத் தெரியும். துண்டு ஜாக்கெட்டுல இருக்கு. அத ஆஸ்பத்திரியில காட்டுனா ஒடனே மருந்து ஏத்துவாங்க. மொதல்ல இவங்களுக்குச் சொல்லுங்க. அன்னைக்கு நான் குடிச்சிருந்தேனா?”

அவர் தலையைக் குனிந்தார். உதடு அசைந்தது.

“இல்ல.”

“கேக்கல முதலாளி. தொண்ட கட்டிக்கிச்சா? வெல்மி ஒரு துண்டு போடுங்களேன்.”

“இவ குடிக்கல” என்று அவர் கத்தினார். இருந்த பலமெல்லாம் அதில் போயிருக்கவேண்டும். “இவ குடிக்கல. நான் பொய் சொன்னேன்.” டிரைவர்களுக்கு விளங்கவேண்டும் என்று சிங்களத்திலும் ஒரு தடவை சொன்னார், நான் கேட்காமலே.

இளநீரையும் துண்டையும் கொடுத்தேன். அவர் குடிக்கும்போது அது தாடையில் வழிந்தது. டிரைவர்கள் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என் துண்டை வாசித்ததால்தான் நேரம் வீணாகாமல் மருந்து ஏற்றினார்கள் என்று ராத்தா பிறகு சொன்னாள். ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்தார். இப்போது கார்டனில் ஜாடி இல்லை, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் இருக்கிறது. என்னைத் திரும்ப வரச்சொல்லி ஆள் அனுப்பினார். போகவில்லை. வேறொரு கார்டனில் இருந்து அவர்களாகவே போன் பண்ணினார்கள், அங்கே சேர்ந்தேன்.

ஆனால் அன்று அவர் கத்தியபோது நான் அவரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தேன். குலைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டது அவளுக்கு. வெட்டிப் போட்ட தெம்பிலிக் கோம்பைகளைக் கூட்டி அள்ளினாள்.

சாயங்காலம் கடையைச் சாத்தும்போது வழக்கம்போலச் சீப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் சட்டென்று திரும்பி, வாயைத் திறந்து, அவள் முகத்தில் பலமாக ஊதினேன்.

“மோந்து பாத்துக்க” என்றேன்.

அக்கா சீப்பைப் பிடித்தபடி அப்படியே நின்று அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டு நான் பூட்டை எடுக்கப் போனேன்.